கரு ஏன் பழையதை விடுவதில்லை?

கடலோரப் பாறைகளிலும் துறைமுகத் தூண்களிலும் கரையேற்றிய படகுகளின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக, கூம்பு வடிவில், கை பட்டால் கீறிவிடும் சிறு ஓடுகள் அப்பிக் கிடக்கும். கொட்டலசு என்று பெயர். சுண்ணாம்பு ஓடு உண்டு. இருந்த இடத்தை விட்டு அசையாது. ஓட்டை உடைத்தால் உள்ளே மெத்தென்ற உடல். சிப்பி, நத்தை இனம் என்றுதான் பார்ப்பவர் சொல்வார்கள். உயிரினங்களை வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளமிட்ட லின்னேயஸ் அதை ஓடுள்ள சிப்பி, நத்தைகளோடு வைத்தார். எலும்பைக் கொண்டே விலங்கை அடையாளம் காட்டுவதில் பேர்வாங்கிய பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் குவியேயும் மெல்லுடலிகளின் பட்டியலில்தான் சேர்த்தார். இருவர் கணிப்பும் தவறு. கொட்டலசு இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஓடு கட்டிக்கொண்டு, இறகு மாதிரி விரியும் கால்களை வெளியே நீட்டி உணவை வாய்க்குள் தள்ளிக்கொண்டு காலம் தள்ளும் ஓர் ஓட்டுடலி அது. இந்த உண்மை வளர்ந்த உடலை அறுத்துப் பார்த்து வெளிப்படவில்லை. அதன் குஞ்சைப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது.

பார்த்தவர் ஜான் வான் தாம்சன். தொழிலால் பிரிட்டிஷ் படை மருத்துவர். அயர்லாந்தின் கார்க் நகரில் பணி. 1826இன் இளவேனிலில் மெல்லிய துணிவலையைக் கடலில் இழுத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் உயிர்களைச் சேகரித்தார். அவற்றில் ஒருவகை, கால்களும் கண்ணும் உள்ள, துள்ளி நீந்தும் குட்டி ஓட்டுடலி. கடல்நீர் ஊற்றிய கண்ணாடிப் பாத்திரத்தில் அவற்றை விட்டு வைத்தார். சில நாள்களில் இரண்டு உயிர்கள் தோலை உரித்துவிட்டுப் பாத்திரத்தின் அடியில் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவை இப்போது கொட்டலசுகள். 1830இல் இதை வெளியிட்டார். அதற்கும் முந்தைய பருவம், அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த உடனே இருக்கும் வடிவம், பிறகு தெரியவந்தது. நாப்ளியஸ் என்ற அந்த இளவுயிரிக்கு மூன்று இணை உறுப்புகள், நடுவில் ஒற்றைக் கண். நம் கடற்கரை இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பெயர் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. வளர்ப்புக் குட்டைகளுக்குப் போகும் இறாலும் முட்டையிலிருந்து நாப்ளியஸாகத்தான் வெளிவருகிறது. நண்டின் உடலில் வாழும் சாக்குலினா என்ற ஒட்டுண்ணியின் கதை இன்னும் விசித்திரம். வளர்ந்த சாக்குலினாவுக்குக் கால் இல்லை, குடல் இல்லை, உடற்கண்டங்கள் இல்லை. நண்டின் வயிற்றடியில் ஒரு பை, உள்ளே வேர்கள் மாதிரி ஓடும் இழைகள், அவ்வளவுதான். விலங்கா என்று சந்தேகப்பட வேண்டிய அந்தப் பை இடும் முட்டையிலிருந்தும் நாப்ளியஸ் வருகிறது. சாக்குலினா கொட்டலசின் உறவு என்று சொல்ல வளர்ந்த உருவத்தில் எந்தத் தடயமும் இல்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. வளர்ந்த உடல் பிழைப்புக்கேற்ப மாறும் என்பது புரிகிறது. ஒட்டி வாழ்வதற்கு ஓடு வேண்டும், கண் வேண்டாம். இந்த நியாயம் குஞ்சுக்கும் கருவுக்கும் பொருந்தாதா? அவையும் பிழைக்க வேண்டியவைதாமே! வளர்ந்த உடல் மறைத்துவிட்ட உறவை இளவயது உடல் ஏன் காட்டிக்கொடுக்கிறது? கருவியல் விலங்குகளைப் பற்றிச் சொன்ன எல்லாப் பெரிய செய்திகளும் இந்தக் கேள்விக்கு நாம் தரும் பதிலைப் பொறுத்தவை. பதில் சரியில்லை என்றால் கொட்டலசு வெறும் சுவாரசியமான விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம்.

பதிலைத் தேடுமுன், மனிதர்களை நேரடியாகத் தொடும் இன்னொரு சான்று. கடலடிப் பாறைகளிலும் தூத்துக்குடி போன்ற துறைமுகங்களின் சுவர்களிலும் தோல்பை போன்ற ஓர் உயிர் ஒட்டியிருக்கும். ஒரு துளையால் நீரை இழுத்து, இரையைச் சலித்தெடுத்து, மறு துளையால் வெளியே விடும். தொட்டால் நீரைப் பீச்சும் என்பதால் கடற்பீச்சி என்று வைத்துக்கொள்வோம். செல்லுலோஸ் என்பது தாவரங்களுக்கே உரிய பொருள் என்று பள்ளியில் படித்திருப்போம். கடற்பீச்சியின் மேலுறையில் அதுவும் இருக்கிறது. மூளை என்று சொல்லத்தக்கது ஒரு சிறு நரம்பு முடிச்சு. இதையும் மெல்லுடலிகளோடுதான் நீண்டகாலம் சேர்த்திருந்தார்கள். ரஷ்யரான அலெக்சாண்டர் கோவலேவ்ஸ்கி, தமது இருபதுகளில், இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலோரத்தில் அதன் முட்டை வளர்வதை நுண்ணோக்கியில் படிப்படியாகப் பின்தொடர்ந்தார். 1866இல் அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பு விலங்கியலையே அசைத்தது. கடற்பீச்சியின் முட்டையிலிருந்து வருவது தலைப்பிரட்டை வடிவில் நீந்தும் ஒரு குஞ்சு. அதன் வாலுக்குள் விறைப்பான ஒரு தண்டு. அதற்கு மேலே, முதுகுப்புறத்தில், தட்டையான படலம் சுருண்டு குழாயாகி உருவான நரம்புத்தண்டு. முதுகுநாண் எனப்படும் அந்த விறைப்புத் தண்டும் முதுகுப்புற நரம்புக்குழாயும் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பவை அல்ல. மீன், தவளை, கோழி, மனிதன் ஆகியோரின் கருவில் அதே இடத்தில், அதே வரிசையில் தோன்றுபவை. கடற்பீச்சிக் குஞ்சு சில மணி நேரமே நீந்தித் திரியும். பின் தலையைப் பாறையில் ஒட்டி, வாலைத் தன்னுள் உறிஞ்சிக்கொண்டு பையாகிவிடும். ஆராய்ச்சிக் கூடங்களில் அதிகம் பயன்படும் சியோனா என்ற இனத்தின் வாலில் முதுகுநாண் செல்கள் சரியாக 40. அந்த 40 செல்கள் இல்லையென்றால் அதை நம் உறவு என்று சந்தேகிக்கவே எவருக்கும் தோன்றியிருக்காது.

கருவின் தொடக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கருவுற்ற முட்டை ஒரே செல். அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்துகொண்டே போகிறது. பாடநூல்கள் இதைப் பிளவிப்பெருகல் என்கின்றன. பல விலங்குகளில் இது உள்ளீடற்ற ஒரு செல் பந்தில் முடிகிறது. பிறகு பந்தின் ஒரு பகுதிச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து அடுக்குகளாகின்றன: தோலையும் நரம்பையும் தரும் புற அடுக்கு, தசை, எலும்பு, இரத்தம் தரும் நடு அடுக்கு, குடலின் உள்பூச்சைத் தரும் அக அடுக்கு. கோழிக் கருவில் இந்த மூன்று அடுக்குகளை 1817இல் முதலில் விவரித்தவர் பாண்டர். அவருடைய நண்பர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் அந்த ஆய்வை மற்ற முதுகெலும்பிகளுக்கும் விரித்தார். சாராயத்தில் போட்டுவைத்த இரண்டு சிறு கருக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்ததால், அவை பல்லியா பறவையா பாலூட்டியா என்று தம்மாலேயே சொல்ல முடியவில்லை என அவர் பதிவு செய்திருக்கிறார். 1828இல் அவர் முன்வைத்த முடிவு: ஒரு பெரும் கூட்டத்துக்குப் பொதுவான கூறுகள் கருவில் முதலில் தோன்றும், தனித்தனி இனத்துக்கு உரியவை பிறகு தோன்றும். கோழிக் கரு முதலில் முதுகெலும்பி, அப்புறம் பறவை, கடைசியில்தான் கோழி. பரிணாமத்துக்கு இவ்வளவு வலுவான சாட்சியத்தைத் திரட்டிக் கொடுத்த இதே ஃபான் பேயர், முதுமையில் டார்வினின் கொள்கையை ஏற்க மறுத்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை.

அவர் ஏற்க மறுத்ததை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அளவுக்கு மீறி ஏற்றார். கரு வளரும்போது தன் இனம் கடந்துவந்த வரலாற்றைச் சுருக்கி மீண்டும் நடித்துக் காட்டுகிறது என்றார் அவர், 1866இல். மனிதக் கரு முதலில் மீனாகிறது, பின் ஊர்வனவாகிறது, கடைசியில் மனிதனாகிறது என்பதே அந்தக் கொள்கையின் வெகுஜன வடிவம். இன்றும் மேடைகளில் கேட்கலாம். இது தவறு. மனிதக் கரு எந்தக் கட்டத்திலும் வளர்ந்த மீனாக இருப்பதில்லை. மீனின் கருவைத்தான் ஒத்திருக்கிறது. நான்கு, ஐந்து வாரக் கருவின் கழுத்தில் தெரியும் மடிப்புகள் செவுள்கள் அல்ல. அவற்றைத் தொண்டை வளைவுகள் என்பதே சரி. மீனில் அவற்றில் சில செவுளாகின்றன. நம்மில் தாடை, காது, குரல்வளை ஆகியவற்றின் பகுதிகளும், அவற்றுக்கு இடைப்பட்ட பைகளிலிருந்து தைமஸ், பாராதைராய்டு சுரப்பிகளும் உருவாகின்றன. ஹெக்கல் தம் வாதத்துக்கு ஒத்துவரும்படி படங்களைத் திருத்தினார் என்பதும் உண்மை. 1868இல் வந்த நூலில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருவுக்கும் ஒரே அச்சுக்கட்டையைப் பயன்படுத்தியதை ரூட்டிமையர் உடனே அம்பலப்படுத்தினார். 1874இன் புகழ்பெற்ற ஒப்பீட்டுப் படத்தை, உண்மையான கருக்களின் ஒளிப்படங்களை அருகருகே வைத்து 1997இல் மைக்கேல் ரிச்சர்ட்சன் குழு சோதித்தது. கருக்கள் அளவிலும் விகிதத்திலும் ஹெக்கல் காட்டியதைவிட வெகுவாக வேறுபட்டிருந்தன. பரிணாமமே பொய் என்பவர்கள் இதைத் தூக்கிப்பிடிப்பது வழக்கம். ஆனால் ஹெக்கலின் படங்கள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாலும் தாம்சனின் பாத்திரத்தில் ஒட்டிய கொட்டலசு மறைந்துவிடாது. கடற்பீச்சியின் 40 செல்களும் அங்கேயேதான் இருக்கும். தவறானது, கரு பழையதை வைத்திருப்பதற்கு அவர் சொன்ன காரணம். பழையதை வைத்திருக்கிறது என்ற உண்மையில் தவறில்லை.

சரியான காரணத்தை நம் சிறுநீரகம் மற்ற எந்த உறுப்பையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. மனிதக் கரு ஒன்றல்ல, அடுத்தடுத்து மூன்று வகைச் சிறுநீரகங்களை உருவாக்குகிறது. நான்காம் வாரத் தொடக்கத்தில் கழுத்துப் பகுதியில் முதலாவது தோன்றும். மீன் குஞ்சிலும் தலைப்பிரட்டையிலும் வேலை செய்யும் முன்சிறுநீரகம் அது. நம்மில் ஒரு சொட்டுச் சிறுநீர்கூடப் பிரிக்காமல் சில நாள்களில் கரைந்துவிடும். அடுத்து அதற்குக் கீழே இடைச்சிறுநீரகம். வளர்ந்த மீனும் தவளையும் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்வது இதைத்தான். நம் கருவில் சில வாரங்கள் வேலை செய்துவிட்டு இதுவும் ஓய்ந்துபோகும். ஐந்தாம் வாரத்தில் இடுப்பருகே தொடங்கும் மூன்றாவதுதான் நமக்கு நிலைக்கிறது. இவ்வளவு வீண்செலவு எதற்கு, நேராக மூன்றாவதையே கட்டக்கூடாதா? முடியாது. முதலாவது கரைந்தாலும் அதனோடு தோன்றிய குழாய் கரைவதில்லை. அது கீழ்நோக்கி வளர்ந்து, வழியில் இருக்கும் திசுவைத் தூண்டி, இரண்டாவது சிறுநீரகத்தை உருவாகச் செய்கிறது. அதே குழாயின் அடிப்பகுதியில் ஒரு மொட்டு அரும்பி, பக்கத்திலுள்ள திசுவுக்குள் நுழைந்து கிளைவிடும்போதுதான் அந்தத் திசு மூன்றாவது சிறுநீரகமாக மாறத் தொடங்குகிறது. இது ஊகமல்ல. 1950களில் கிளிஃபர்டு கிரோப்ஸ்டீன் சுண்டெலிக் கருவின் மொட்டையும் திசுவையும் பிரித்துத் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தார். மொட்டில்லாத திசு சிறுநீர் நுண்குழல்களை உருவாக்கவில்லை. சேர்த்து வைத்தால் உருவாக்கியது. மொட்டு அரும்பத் தேவையான ஒரு மரபணுவை முடக்கிய சுண்டெலிகள் சிறுநீரகமே இல்லாமல் பிறந்து, பிறந்தவுடன் இறந்தன என்று 1996இல் தெரியவந்தது. ஆணின் உடலில் அந்தப் பழைய குழாய்க்கு இன்னுமொரு வேலை காத்திருக்கிறது. விந்துநாளமாக அது கடைசிவரை நிலைக்கிறது.

குடித்தனம் நடத்திக்கொண்டே வீட்டை மாற்றிக் கட்டுகிறவருக்குத் தரைமட்டமாக்கிவிட்டுத் தொடங்கும் வசதி கிடையாது. பழைய சுவர்மேல்தான் புதிய உத்தரத்தை ஏற்ற வேண்டும்; உத்தரம் ஏறிவிட்டால் பிறகு அந்தச் சுவரை எடுக்க முடியாது. கருவின் நிலையும் இதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் உயிரோடு இருக்க வேண்டும், கட்டுமானமும் நடக்க வேண்டும். முன்னோரில் ஓர் உறுப்பாக இருந்தது, வழித்தோன்றலில் அடுத்த உறுப்புக்குக் கட்டளையிடும் இடமாகிவிடுகிறது. உறுப்பு என்ற முறையில் அதன் தேவை தீர்ந்தாலும் கட்டளைக்கு அது வேண்டும். ஆகவே கரு பழையதை வைத்திருப்பது நினைவுச்சின்னமாக அல்ல, நடப்பு வேலையாளாக. நான் சொல்ல வருவது இதைத்தான். கருவின் ஒற்றுமைகளை உறவுக்குச் சான்றாக நம்பலாம் என்றால், அதற்குக் காரணம் அவை எளிதில் கழற்ற முடியாதபடி வேலையில் பிணைந்திருப்பதே.

முதுகுநாணையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் விளங்கும். கடற்பீச்சிக் குஞ்சுக்கு அது வாலை விறைப்பாக்கும் தண்டு. அதை ஊன்றி வால் அடித்து நீந்துகிறது. நமக்கோ முதுகெலும்பு வரப்போகிறது, தண்டு தேவையே இல்லை. இருந்தும் மூன்றாம் வாரக் கருவில் முதுகுநாண் தவறாமல் தோன்றுகிறது. காரணம், மேலே உள்ள நரம்புக்குழாயில் எது அடிப்பகுதி, எந்தச் செல்கள் தசையை இயக்கும் நரம்பணுக்களாக வேண்டும் என்ற கட்டளை அங்கிருந்து போகிறது. கோழிக் கருவில் கூடுதலாக ஒரு முதுகுநாண் துண்டை நரம்புக்குழாயின் பக்கவாட்டில் ஒட்டவைத்தால், அந்தப் பக்கவாட்டிலும் ஓர் அடிப்பகுதி உருவாகிறது. முதுகுநாணை நீக்கிவிட்டால் இருக்க வேண்டிய அடிப்பகுதியே உருவாவதில்லை. இத்தகைய ஒட்டுச் சோதனைகளுக்கு வழிகாட்டியது 1924இல் ஜெர்மனியில் ஹன்ஸ் ஸ்பேமானும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் வெளியிட்ட ஆய்வு. வெளிறிய நிறமுள்ள ஒரு நீர்ப்பல்லி இனத்தின் கருவிலிருந்து, செல்கள் உள்ளே நுழையும் வாயின் மேலுதட்டை வெட்டியெடுத்து, கருநிறமுள்ள இனத்தின் கருவில் வயிற்றுப்பக்கம் ஒட்டினார்கள். அங்கே நரம்புக்குழாயோடு இரண்டாவது உடலே வளர்ந்தது. நிற வேறுபாடுதான் இங்கே சூட்சுமம். புதிய உடலின் முதுகுநாண் பெரும்பாலும் ஒட்டிய துண்டிலிருந்து வந்தது. நரம்புக்குழாயோ கருநிறச் செல்களால், அதாவது வயிற்றுத்தோலாக வேண்டிய செல்களால் ஆனது. ஒட்டிய துண்டு தானே எல்லாமாக வளரவில்லை, அண்டையிலிருந்த செல்களுக்கு ஆணையிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ஆண்டே சமையலறை விபத்தில் மாங்கோல்டு இறந்துபோனார். 1935இல் நோபல் பரிசு ஸ்பேமானுக்கு மட்டும் வந்தது.

இங்கே ஒரு கூர்மையான ஆட்சேபம் எழும். கட்டுமானத்துக்குத் தேவை என்பதால்தான் கருக்கள் ஒத்திருக்கின்றன என்றால், உறவு எதற்கு? ஒரே மாதிரி உடலைக் கட்ட ஒரே மாதிரி வழிதானே இருக்கும்? இயற்பியலும் வேதியியலும் அந்த வழியை விதித்திருக்கலாமே? வழி ஒன்றுதான் என்றால் இந்த ஆட்சேபம் சரி. ஆனால் சிறுநீரகம் என்ற வடிகட்டியைக் கட்ட, அழிந்துபோகும் வேறொரு சிறுநீரகத்தின் குழாய் வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. கேட்பதற்குத் தாடை எலும்பு வேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை; வெட்டுக்கிளி தாடை எலும்பே இல்லாமல் கேட்கிறது. பாலூட்டியின் காதோ தாடையிலிருந்துதான் வந்தது. 1837இல் கார்ல் ரைகெர்ட் பன்றிக் கருக்களை வரிசையாக ஆராய்ந்து, நடுக்காதின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் முதல் தொண்டை வளைவில், தாடைக் குருத்தெலும்பின் பின்முனையில் உருவாவதைக் கண்டார். பல்லியிலும் பறவையிலும் அதே இடத்துத் துண்டுகள் இரண்டும் தாடை மூட்டாக நிற்கின்றன. அவற்றின் காதில் எலும்பு ஒன்றே ஒன்றுதான். டார்வினின் நூல் வெளிவர இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. ரைகெர்ட் எந்தப் பரிணாமக் கொள்கைக்கும் வாதாடவில்லை, பார்த்ததைச் சொன்னார். அவர் சொன்னது சரியென்றால் ஒரு சங்கடமான முடிவு பின்தொடரும்: இடைப்பட்ட ஏதோ ஒரு விலங்குக்குத் தாடை மூட்டும் வேண்டும், மூட்டு எலும்பு காதுக்கும் போக வேண்டும். மென்றுகொண்டே மூட்டை இடம் மாற்றுவது எப்படி? அப்படி ஒரு விலங்கு சாத்தியமா என்று கேலி செய்திருக்கலாம். புதைபடிவங்கள் அந்தக் கேலிக்கு இடம் வைக்கவில்லை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மார்கனுகோடான் என்ற சிறு விலங்குக்குப் பழைய மூட்டு, புதிய மூட்டு இரண்டுமே அருகருகே இருந்தன. 2007இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட, 12.5 கோடி ஆண்டு வயதுள்ள யானோகோனோடானில் காதெலும்புகள் இன்னும் ஓர் எலும்புத் தண்டால் தாடையோடு பிணைந்திருந்தன. பாறையைத் தோண்டாமலே அந்த இடைநிலையைப் பார்க்க வேண்டுமா? பிறந்த கங்காருக் குட்டியையோ அமெரிக்க ஒப்போசம் குட்டியையோ பாருங்கள். பால்குடிக்கும் அந்தப் பருவத்தில் அவற்றின் காதெலும்புகள் தாடையோடு ஒட்டியே இருக்கின்றன. வளர வளரத்தான் பிரிந்து காதுக்குப் போகின்றன. கட்டுமானத் தேவை என்பது பழையது ஏன் நீடிக்கிறது என்று விளக்கும். எந்தப் பழையது என்பதை முன்னோர் மட்டுமே விளக்க முடியும்.

இரண்டாவது ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது, இதற்கு வலு அதிகம். அடித்தளம்தான் மாறாது என்றால் கருவின் முதல் நாள்கள்தாம் எல்லா விலங்கிலும் மிக ஒத்திருக்க வேண்டும். அப்படி இல்லை. தவளை முட்டை முழுவதும் பிளக்கிறது. கோழி முட்டையில் மஞ்சள்கருவின் மேலே ஒரு சிறு வட்டு மட்டும் பிளக்கிறது. பாலூட்டியின் முதல் செல்களில் பெரும்பகுதி கருவாக ஆகாமல் நஞ்சுக்கொடிக்குப் போகின்றன. பூச்சிகளில் பழ ஈயின் முட்டையோ செல்லாகப் பிளப்பதே இல்லை. உட்கரு மட்டும் 13 முறை இரட்டித்த பிறகுதான் சுவர்கள் எழுகின்றன. தொடக்கம் பலவிதம், முடிவும் பலவிதம், நடுவில் மட்டும் ஒற்றுமை. மேலும் கீழும் அகன்று இடை சிறுத்த இந்த அமைப்பை மணற்கடிகை மாதிரி என்கிறார்கள். இந்த வடிவில் 1994இல் அதை முன்வைத்தவர் டெனி டுபூல். இது கண்ணுக்குப் பட்ட தோற்றம்தானா என்ற சந்தேகத்தை 2010இல் இரண்டு ஆய்வுகள் சோதித்தன. வரிக்குதிரை மீனின் கருவில் நடுக்கட்டத்தில் வேலை செய்யும் மரபணுக்களே மிகப் பழையவை என்றது ஒன்று. ஆறு பழ ஈ இனங்களில் மரபணு இயக்கம் மிகக் குறைவாக வேறுபடுவது நடுக்கட்டத்தில்தான் என்றது மற்றது. என் வாதத்தை இது கவிழ்க்கவில்லை, திருத்துகிறது. முட்டையின் முதல் பிளவுகளில் ஒரு பகுதி இன்னொன்றுக்கு அனுப்பும் கட்டளைகள் குறைவு; மஞ்சள்கருவின் அளவுக்கேற்ப வளைந்துகொடுக்கலாம். கடைசியில் சிறகும் துடுப்பும் தனித்தனியே திருத்தப்படலாம். உடலின் எல்லாப் பகுதிகளும் ஒன்றுக்கொன்று ஆணையிட்டுக்கொள்வது நடுக்கட்டத்தில்தான். முதுகுநாணும் தொண்டை வளைவுகளும் பழைய சிறுநீரகக் குழாயும் தோன்றும் வேளையும் அதுவேதான். பிணைப்பு எங்கே மிகுதியோ அங்கே மாற்றம் குறைவு என்பதே இதிலிருந்து கிடைக்கும் செம்மையான வடிவம். வயதில் முந்தியதெல்லாம் பழையது என்பதல்ல.

இந்தத் திருத்தத்தை மறந்தவர்கள் கருவியலை வைத்தே தவறியிருக்கிறார்கள். இளவுயிரி என்பது கட்டுமானத்தில் இருக்கும் உடல் மட்டுமல்ல; கடலில் தானே இரை தேடிப் பிழைக்க வேண்டிய விலங்கு. அதன் நீந்தும் உறுப்புகளும் முட்களும் பிணைப்பு குறைந்தவை, எனவே எளிதில் மாறக்கூடியவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள புதர்த்தவளைகள் பலவற்றில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளை நேராக வெளியே வருகிறது. தலைப்பிரட்டை இல்லாததால் அது தவளை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? விளக்குச் சிப்பி எனப்படும் கடலுயிர்களின் கரு பிளக்கும் விதத்தை வைத்து, அவற்றை நட்சத்திர மீனும் நாமும் அடங்கிய பெருங்கிளைக்கு அருகில் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1995இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது அவை நத்தை, மண்புழு ஆகியவற்றின் கிளையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. முதல் பிளவுகளின் ஒற்றுமையை அளவுக்கு மீறி நம்பியதற்குக் கிடைத்த அடி அது. மறுபுறம், நட்சத்திர மீனைப் பற்றிய தீர்ப்பு நிலைத்தது. கருவில் முதலில் தோன்றும் துளை அதில் ஆசனவாயாகிறது, வாய் பிறகு வேறிடத்தில் திறக்கிறது, நம்மிலும் அப்படியே. மூளையும் கூர்ந்த கண்ணும் உள்ள கணவாயைவிட, தலையே இல்லாத நட்சத்திர மீன் நமக்கு நெருங்கிய உறவு என்று கருவியலாளர்கள் சொன்னதை மரபணு ஆதரித்தது. கடற்பீச்சி விஷயத்திலோ மரபணு ஒரு படி மேலே போனது. மீன் மாதிரியே தோற்றமளிக்கும் ஆம்பியாக்சஸ்தான் முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு என்று எல்லோரும் நினைத்திருக்க, 2006இல் வெளியான விரிவான ஒப்பீடு அந்த இடத்தைத் தோல்பைக்குக் கொடுத்துவிட்டது. ஒரு சான்றை நம்பலாமா என்பதை அதே வகைச் சான்றுகளைக் குவித்து அல்ல, அதைச் சாராத இன்னொரு சான்றோடு மோதவிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த மோதலில் கருவியல் சிலமுறை தோற்றது, பலமுறை வென்றது. எங்கே தோற்கும் என்பதையும் அதனாலேயே நாம் கற்றுக்கொண்டோம்.

பழையதை வைத்துக்கொள்வதற்கு உடல் ஒரு விலையும் கொடுக்கிறது. தொண்டை வளைவுகளுக்கு இடைப்பட்ட பிளவு சரியாக மூடாதவர்களுக்குக் கழுத்தின் பக்கவாட்டில் நீர்க்கட்டி வருவதுண்டு. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பலர் அதை அறுத்து எடுத்திருப்பார்கள். முதுகுநாணும் வேலை முடிந்தபின் முழுவதுமாகப் போய்விடுவதில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் நடுவே இருக்கும் கூழ்ப்பகுதி அதிலிருந்து வந்தது. மண்டையோட்டின் அடியிலும் முதுகெலும்பின் கீழ்முனையிலும் தங்கிவிடும் அதன் மிச்சச் செல்களிலிருந்து, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, கார்டோமா என்ற புற்றுக்கட்டி வளர்கிறது. அறுத்தெடுத்த கட்டி கார்டோமாதானா என்று உறுதிசெய்ய நோய்க்கூறியல் ஆய்வகம் அதில் தேடுவது பிராக்கியூரி என்ற புரதத்தை. கடற்பீச்சிக் குஞ்சின் வாலில் அந்த 40 செல்களை முதுகுநாணாக்குவதும் அதே பிராக்கியூரிதான்.